மொபைல்ல ரெண்டு மணி நேரம் உக்கார்ற பையனுக்கு ஏடிஹெச்டி எப்படி இருக்கும்? மூளைல கெமிக்கல் கம்மின்னா என்ன?

காங்கயம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையனுக்கு எட்டு வயசு, மூணாவது படிக்கிறான். கிளாஸ்ல உக்கார மாட்டேங்கிறான், பென்சில் ரப்பர் தினம் தொலைக்கிறான், பக்கத்துல இருக்கற புள்ளைய நோண்டிக்கிட்டே இருக்கான்னு மிஸ் டைரில எழுதி எழுதி அனுப்பறாங்க. கோயமுத்தூர்ல ஒரு டாக்டர்கிட்ட காமிச்சதுல ஏடிஹெச்டின்னு (கவனக்குறைவும் துறுதுறுப்பும் வயசுக்கு மீறி இருக்கற பிரச்சன) சொல்லி, மூளைல கெமிக்கல் கம்மியா இருக்குது, மாத்திரை ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. வீட்டுல மாமியார், "மொபைல குடுத்தா ரெண்டு மணி நேரம் கம்முனு உக்கார்றவனுக்கு என்ன சீக்கு, நீ வளக்கற வளப்பு அப்பிடி"ங்கறாங்களாம். கெமிக்கல் கம்மின்னா என்ன, மொபைல்ல மட்டும் எப்படி உக்கார்றான், மாத்திரை குடுத்தா அதுக்கே அடிமையாயிருவானா, இந்த மூணும்தான் அவங்க கேள்வி.

நான் ஈரோட்டுல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா இருக்கறனுங்க, பாக்கறது பூரா குழந்தைங்கதான். மாத்திரை எழுதற டாக்டர் நான் இல்ல, அதனால உங்க பையனுக்கு குடுங்க, குடுக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா கேட்ட விஷயம் ஒவ்வொண்ணையும் விலாவாரியா சொல்லலாம், கொஞ்சம் நீளமா போகும்.

மொபைல் கேள்வில இருந்தே ஆரம்பிக்கறேன், அது புரிஞ்சா மத்தது பாதி புரிஞ்ச மாதிரி. ஏடிஹெச்டி இருக்கற புள்ளைக்கு கவனமே வராதுன்னு நெனச்சுக்காதீங்க. வரும், புடிச்ச எடத்துல நெம்பவே வரும். அத எங்க வைக்கணும், எவ்வளவு நேரம் வைக்கணும், எப்ப அங்கிருந்து எடுக்கணும்ங்கற கட்டுப்பாடுதான் அவனுக்கு கைல நிக்கறதில்ல. இதுல டோபமைன்ங்கற கெமிக்கலுக்கு பெரிய பங்கு இருக்குது. 1990-கள்ல சுவிட்சர்லாந்துல வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்ங்கற விஞ்ஞானி குரங்கு மூளைல இருக்கற டோபமைன் செல்லுங்கள அளந்து பார்த்தாரு. குரங்குக்கு ஜூஸ் குடுக்கறாங்க, ஜூஸ் வாய்ல பட்டதும் அந்த செல்லுங்க படபடன்னு சிக்னல் குடுக்குது. ஜூஸுக்கு முன்னாடி ஒரு லைட் எரியும்னு குரங்கு கத்துக்கிட்ட பொறவு, லைட் எரியறப்பவே சிக்னல் வந்துருது, ஜூஸ் வர்றப்ப தனியா வர்றதில்ல. லைட் எரிஞ்சும் ஜூஸ் வரலைன்னா சிக்னல் வழக்கத்த விட கீழ எறங்கிருது. அப்ப டோபமைன், சந்தோஷம் வந்த பின்னாடி சுரக்கறது மட்டும் கிடையாதுங்க, "இத விட்றாத, இதுல ஒண்ணு கெடைக்கப்போகுது"ன்னு முன்கூட்டியே சொல்றதும் அதுதான்.

இப்ப உங்க பையன நெனச்சுப் பாருங்க. மத்த புள்ளைக்கு, இப்ப எழுதி முடிச்சா நாளைக்கு மிஸ் ஸ்டார் போடுவாங்க, அம்மா சந்தோஷப்படுவாங்கங்கற நெனப்பே ஒரு அளவுக்கு இழுத்துப் புடிச்சு உக்கார வெச்சுருது. ஏடிஹெச்டி இருக்கற புள்ளைக்கு தள்ளி இருக்கற பலனுக்கு அந்த இழுப்பு வர்றதில்ல, வந்தாலும் நிக்கறதில்லைன்னு இந்த துறைல இருக்கறவங்க நெறைய பேரு சொல்றாங்க, நான் தினம் பாக்கறதும் அதுதான். கேம்ல ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா காசு விழுகுது, சத்தம் வருது, லெவல் ஏறுது, தப்பு பண்ணினா அப்பவே தெரிஞ்சுருது. அங்க அவன் கஷ்டப்பட்டு கவனிக்க வேண்டியதே இல்ல, கேமே அவன புடிச்சு வெச்சுக்குது. அதனால மொபைல்ல உக்கார்றான்ங்கறது ஏடிஹெச்டி இல்லைன்னு சொல்றதுக்கு சாட்சி ஆகாதுங்க. அதே மாதிரி மொபைல் பாத்துத்தான் இது வந்துச்சுன்னும் சொல்ல முடியாது, மொபைலே இல்லாத காலத்துலயும் இந்தப் புள்ளைங்க இருந்தாங்க, லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில்ங்கற குழந்தை டாக்டர் 1902-லயே இந்த மாதிரி புள்ளைங்களப் பத்தி லெக்சர் குடுத்திருக்காரு. ஆனா ராத்திரி பத்து மணி வரைக்கும் மொபைல் பாத்து தூக்கம் கெட்டா, இருக்கற தொந்தரவு அடுத்த நாள் ரெண்டு மடங்கா தெரியும், அது வாஸ்தவம்.

என் ரூம்ல ஒரு பையன் கணக்கு போடறத சொல்றேன், இத பாத்தா புரியும். ஒரு பக்கம் பூரா கூட்டல் கழித்தல் கணக்கு எழுதிக் குடுத்தேன். மொத ரெண்டும் சரி. மூணாவதுல ஃபேன் சத்தம் கேட்டு மேல பாத்தான், திரும்பி வந்து போட வேண்டியது கழித்தல், ஆனா மேல போட்ட ஞாபகத்துலயே கூட்டி வெச்சுட்டான். நாலாவதுக்கு பென்சில் சீவணும்னான், சீவினான், சீவின சுருள பிரிச்சுப் பாத்தான், அத டேபிள்ல ஒட்ட முடியுமான்னு பாத்தான், பேப்பர மறந்தே போயிட்டான். திட்டியிருந்தா அழுதிருப்பான், வேற ஒண்ணும் ஆயிருக்காது. அதே கணக்க பேப்பர துண்டு துண்டா வெட்டி ரெண்டு ரெண்டா குடுத்தேன், கூட்டலா கழித்தலான்னு மொதல்ல அந்த குறிய வட்டம் போட சொன்னேன், ஒவ்வொரு துண்டு முடிஞ்சதும் அவன் கண்ணு முன்னாடியே டிக் போட்டேன். எல்லாத்தையும் போட்டு முடிச்சுட்டான், அத்தனையும் சரி. அவனுக்கு கணக்கு தெரியாம இல்ல பாருங்க, அந்த ஒரு பக்கத்தோட கடைசி வரைக்கும் அவன கூட்டிட்டுப் போறதுக்கு உள்ள இருந்து ஒண்ணும் வரல, வெளிய இருந்து நாம குடுத்தோம், அவ்வளவுதான்.

சரி, கெமிக்கல் கம்மிங்கறதுக்கு வர்றேன். டாக்டர் சொன்னது பொய் இல்ல, அஞ்சு நிமிஷத்துல சொல்றதுக்கு சுருக்கின பேச்சு. மூளைல சுமார் 8600 கோடி நரம்பு செல் இருக்குது, அதுல டோபமைன் தயாரிக்கறது சில லட்சம்தான், பெரும்பாலும் நடு மூளைலதான் இருக்குது, ஆனா அதோட கெளைங்க நெத்திக்கு பின்னால இருக்கற முன்மூளை வரைக்கும் போகுது. திட்டம் போடறது, அடக்கிக்கறது, செஞ்சுக்கிட்டிருக்கறத மனசுல வெச்சுக்கறது எல்லாம் அந்த முன்மூளை வேலை. இன்னொண்ணு நார்அட்ரினலின், அது டோபமைன்ல இருந்தே தயாராகுது, முழிப்பா இருக்கறதுக்கும் தேவையில்லாத சத்தத்த தள்ளி வைக்கறதுக்கும் அது வேணும். இது ரெண்டும் முன்மூளைல அளவா இருக்கணும், கம்மியானாலும் வேலை கெடும், எச்சா போனாலும் கெடும்.

ஒரு செல்லு டோபமைன வெளிய விடுது, அடுத்த செல்லு வாங்கிக்குது, மிச்சத்த விட்ட செல்லே டிரான்ஸ்போர்ட்டர்ங்கற புரதத்த வெச்சு திருப்பி உறிஞ்சிக்குது. நம்மூர் ஆளுங்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேனுங்க: பவானிசாகர்ல தண்ணி தொறந்தாச்சு, கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணியும் ஓடுது, ஆனா வழிலயே போயிட்டா கடமடை வயலுக்கு பத்தறதில்ல, அதுக்காக டேம்ல தண்ணியே இல்லைன்னு சொல்ல முடியாது. மாத்திரை புது தண்ணி கொண்டுவர்றதில்ல, திருப்பி உறிஞ்சற வழிய கொஞ்ச நேரம் அடைச்சு வைக்குது, வெளிய வந்தது வேலை செய்யறதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கெடைக்குது. இந்த டிரான்ஸ்போர்ட்டர் ஏடிஹெச்டி இருக்கறவங்களுக்கு எச்சா இருக்குதான்னு ஸ்கேன் பண்ணி பாத்த ஆய்வுங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல, சிலதுல எச்சா இருந்துச்சு, சிலதுல கம்மியா இருந்துச்சு. அதனால "இந்த கெமிக்கல் இவ்வளவு கம்மி"ன்னு நம்பர் போட்டு யாரும் காட்ட முடியாதுங்க. ரத்தம், யூரின் எடுத்து டோபமைன் அளவு பாத்து ஏடிஹெச்டி கண்டுபுடிக்கறோம், மூளைய மேப் போட்டு சொல்றோம்னு பெரிய தொகை கேக்கற எடத்துக்கு தயவு செஞ்சு போகாதீங்க. ரத்தத்துல இருக்கற டோபமைனுக்கும் முன்மூளைல நடக்கறதுக்கும் சம்பந்தம் இல்ல, அது ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள போகவே போகாது. ஏடிஹெச்டிய கண்டுபுடிக்கறது அப்பா அம்மா சொல்றத கேட்டு, டீச்சர்கிட்ட கேட்டு, புள்ளைய நேர்ல பாத்துத்தான்.

கெமிக்கல விட இன்னொரு விஷயம் பெத்தவங்களுக்கு தெரியணும்னு நான் நெனப்பேன். 2007-ல அமெரிக்காவுல ஃபிலிப் ஷாங்கறவரும் அவர் கூட இருந்தவங்களும் ஏடிஹெச்டி இருக்கற 223 பேரையும் இல்லாத 223 பேரையும் ஸ்கேன் பண்ணி மூளையோட மேல்பட்டை எப்படி வளருதுன்னு பாத்தாங்க. அந்த மேல்பட்டைல பாதி எடம் முழு தடிமனுக்கு வர்ற வயசு, மத்த புள்ளைங்களுக்கு சராசரியா ஏழரை, ஏடிஹெச்டி இருக்கறவங்களுக்கு பத்தரை. வளர்ற வரிசை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், ஆனா முன்மூளைலதான் அந்த தாமதம் எச்சா இருந்துச்சு. கை காலு அசையச் சொல்ற பகுதி மட்டும் இவங்களுக்கு கொஞ்சம் முன்னாடியே ரெடியாயிருது. அசையற பகுதி முந்தி, அடக்கற பகுதி பிந்தி, அந்த நடுவுல இருக்கற வருஷங்கள்லதான் நாம அவன மூணாவது நாலாவது கிளாஸ்ல நாப்பது நிமிஷம் அசையாம உக்காருன்னு சொல்றோம். அதனால நான் பெத்தவங்ககிட்ட சொல்றது, படிப்புல எட்டு வயசா வெச்சுக்கங்க, பொறுமை அடக்கம் விஷயத்துல ரெண்டு மூணு வயசு கம்மியா நெனச்சு எதிர்பாருங்க. ஆறு வயசுப் புள்ளைய தனியா உக்காந்து ஒரு மணி நேரம் ஹோம்ஒர்க் எழுதுன்னு சொல்லுவமா?

வளப்புங்கற பேச்சுக்கு வர்றேனுங்க, ஏன்னா இது உங்கள எவ்வளவு அறுக்கும்னு எனக்கு தெரியும், என் முன்னாடி உக்காந்து அழுகாத அம்மா கம்மி. ரெட்டப்புள்ளைங்கள வெச்சு பண்ணின ஆய்வுங்கள்ல ஏடிஹெச்டி வர்றதுல பரம்பரையோட பங்கு 70-லருந்து 80 சதவீதம்னு வருது, கிட்டத்தட்ட உயரம் வர்ற மாதிரி. ஒரே ஒரு ஜீன் கிடையாது, நெறைய ஜீனுங்க ஒவ்வொண்ணும் துளித்துளியா சேருது. கொறமாசத்துல பொறக்கறது, பொறந்தப்ப எடை கம்மி, காரீயம் ஒடம்புல சேர்றது இதுக்கும் பங்கு இருக்குது. திட்டி வளத்ததால, செல்லங்குடுத்ததால வந்துச்சுன்னு எங்கயும் நிரூபணம் ஆகல. பையன் கதைய சொல்லி முடிச்சதும் அப்பா மெதுவா "நானும் சின்னதுல இப்படித்தானுங்க இருந்தேன், எங்கய்யன் வேப்பங்குச்சில அடிப்பாரு"ன்னு சொல்றத எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். அந்த அப்பாக்கள்ல பாதி பேரு இன்னைக்கு பனியன் கம்பெனிலயும் லாரிலயும் ஓடியாடி நல்லா சம்பாதிக்கறவங்கதான், ஆனா பள்ளிக்கூடத்துல பட்ட அவமானத்த சொல்றப்ப இன்னும் அவங்க கண்ணு கலங்குது.

முட்டாய் சாப்பிடறதால துள்றான்னு சொல்றதும் பொருந்தலைங்க. 1994-ல ஒரு ஆய்வு, புள்ளைங்களுக்கு சர்க்கரையே இல்லாத பானத்த குடுத்துட்டு, பாதி அம்மாக்கள்கிட்ட மட்டும் உங்க பையனுக்கு சர்க்கரை குடுத்திருக்கோம்னு சொன்னாங்க. அந்த அம்மாக்கள் தான் பையன் நெம்ப துள்றான்னு மார்க் போட்டாங்க, பக்கத்துலயே உக்காந்து எச்சா கொற சொல்லவும் செஞ்சாங்க. பல்லுக்காக முட்டாய் கொறைங்க, ஏடிஹெச்டிக்காக வேண்டாம். இரும்புச்சத்து விஷயம் வேற, அத நிச்சயமா பாருங்க. ஒடம்பு டோபமைன் தயாரிக்கற மொத கட்டத்துக்கே இரும்பு வேணும், நம்ம புள்ளைங்கள்ல ரத்தசோகை நெறைய இருக்குது. ஹீமோகுளோபினோட, ஒடம்புல சேமிப்புல இருக்கற இரும்ப காட்டற ஃபெரிட்டினும் பாக்கச் சொல்லுங்க, கொறஞ்சிருந்தா டாக்டர் குடுக்கற இரும்பு டானிக்க குடுங்க. முருங்கைக்கீரையும் கம்பும் நல்லதுதான், ஆனா நெசமாவே கொறஞ்சு போனத அது மட்டும் சரி பண்ணாது.

உங்க பையனுக்கு இது ஏடிஹெச்டிதானான்னு ஒரு தடவ உறுதி பண்ணிக்கங்க. பன்னெண்டு வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும், ஆறு மாசத்துக்கு மேல இருக்கணும், ரெண்டு எடத்துலயாவது தெரியணும், வீட்டுலயும் ஸ்கூல்லயும். ஸ்கூல்ல மட்டும் தொந்தரவு, வீட்டுல, கோயில்ல, ஒறம்பரை வீட்டுல எல்லாம் நல்லா இருக்கான்னா மொதல்ல ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. வீட்டுல ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லாம, திடீர்னு இங்கிலீஷ் மீடியத்துல போட்டு, மிஸ் பேசறது பாதி புரியாம உக்காந்திருக்கற புள்ளை நெளியத்தான் செய்யும், இத நான் இந்தப்பக்கம் நெறைய பாக்கறேன். எழுத்து படிக்கறதுலயே சிக்கல் இருக்கற டிஸ்லெக்சியா, காது சரியா கேக்காதது, கண்ணு பவர், மூக்குக்கு பின்னால இருக்கற அடினாய்டுங்கற சதை வீங்கி ராத்திரி கொறட்டை விட்டு தூக்கம் கெடறது, சில செகண்டு வெறிச்சுப் பாத்து நின்னுபோற ஒரு வகை வலிப்பு, இதெல்லாம் ஏடிஹெச்டி மாதிரியே தெரியும். டிஸ்லெக்சியாவும் ஏடிஹெச்டியும் சேந்தே வர்றதும் உண்டு. இது அபூர்வம்னும் நெனக்காதீங்க, கோயமுத்தூர் மாவட்டத்துல ஆறுலருந்து பதினொரு வயசு வரைக்கும் 770 ஸ்கூல் புள்ளைங்கள பாத்து 2013-ல வந்த ஆய்வுல 11 சதவீதத்துக்கு மேல இருந்துச்சு, உலக அளவுல பொதுவா சொல்றது 5 சதவீதம்.

வீட்டுல செய்ய வேண்டியது எல்லாமே, பலன பக்கத்துல கொண்டுவர்றதுதான். அடுப்படில நின்னுக்கிட்டு "ஷூவ கழட்டு, டிபன் பாக்ஸ எடுத்து வை, கை கழுவிட்டு வா"ன்னு கத்தினா மொத வார்த்தையோட போச்சு. பக்கத்துல போய் தோளத் தொட்டு, கண்ணப் பாத்து, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. செஞ்சதும் அந்த நிமிஷமே "சாமி, சொன்னதும் செஞ்சுட்டியே"ன்னு சொல்லுங்க. ராத்திரி அப்பா வந்து பாராட்டறதும், ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்தா சைக்கிள்ங்கறதும் இவனுக்கு வேலைக்கு ஆகாது. அஞ்சு மணிக்கு ஸ்கூல் விட்டு வந்து நேரா டியூஷன், எட்டு மணிக்கு வீடுங்கற வழக்கத்த இவனுக்கு மட்டுமாவது மாத்துங்க, ஒரு மணி நேரம் ஓடி வெளையாடட்டும், பொறவு சின்ன சின்ன துண்டா ஹோம்ஒர்க். கவனம் வரும்னு அபாகஸ் கிளாஸ்ல கட்டற ஃபீஸ வெச்சு நல்ல தெரபிஸ்ட்கிட்ட நாலு தடவ போகலாம்ங்கறது என் அபிப்பிராயம். மிஸ்கிட்ட சண்டைக்கு போகாம, மொத பெஞ்ச்ல உக்கார வைங்க, நடுவுல நோட்டு எடுத்துட்டு வர, போர்டு அழிக்க எந்திரிக்க விடுங்கன்னு கேளுங்க, டாக்டர் லெட்டரோட போனா கேப்பாங்க.

இப்ப மாத்திரை. பொதுவா மொதல்ல குடுக்கறது மெத்தில்ஃபெனிடேட். புதுசு கிடையாதுங்க, 1944-ல சுவிட்சர்லாந்துல தயாரிச்சது, இந்த வகை மருந்து புள்ளைங்களுக்கு பலன் குடுக்குதுன்னு 1937-லயே அமெரிக்காவுல சார்லஸ் பிராட்லிங்கற டாக்டர் எழுதினாரு, அவரு தலவலிக்கு ஏதாவது ஆகும்னு குடுத்துப் பாத்தாரு, ஆனா படிப்புதான் நல்லா வந்துச்சு, புள்ளைங்க அத கணக்கு மாத்திரைன்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அடிமையாயிருவானான்னு கேட்டீங்க. ஒரு மருந்து போதையாகறது டோபமைன் எவ்வளவு வேகமா ஏறுதுங்கறத பொறுத்தது. டாக்டர் சொன்ன அளவுல வாய் வழியா சாப்பிடற மாத்திரைல அது ஒரு மணி நேரத்துக்கும் மேல எடுத்து மெதுவா ஏறி மெதுவா எறங்குது, புள்ளைக்கு போதை வர்றதில்ல, சொல்லப்போனா சாப்பிட மறந்துபோற புள்ளைங்கதான் எச்சா. சின்னதுல இத சாப்பிட்டவங்க பின்னால போதைப்பழக்கத்துக்கு போறது கூடலைன்னுதான் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வுங்கள சேத்துப் பாத்ததுல வந்துச்சு. ஆனா வேற யாராச்சும் தப்பா எடுக்க வாய்ப்பு இருக்கற மருந்துதான், அதனால பூட்டி வைங்க, மாத்திரைய நீங்களே எடுத்துக் குடுங்க.

பக்க விளைவு உண்டு, அத மறைக்கக்கூடாது. மதியம் பசி எடுக்காது, ராத்திரி தூக்கம் தள்ளிப்போகலாம், தலவலி, வயித்துவலி, கொஞ்சம் படபடப்பு வரலாம், வருஷக்கணக்குல சாப்பிடறப்ப உயரம் ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் கொறயலாம். வீட்டுல யாருக்காவது சின்ன வயசுல இதயப் பிரச்சன இருந்திருந்தா மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. புள்ளை துறுதுறுப்பெல்லாம் போய் பொம்மை மாதிரி ஆயிட்டான்னா அது பலன் இல்ல, டோஸ் எச்சா, உடனே சொல்லுங்க. இது ஒத்துக்கலைன்னா அட்டோமாக்செட்டின் இருக்குது, அது நார்அட்ரினலின் திரும்பப் போறத அடைக்கறது, பலன் தெரிய நாலுலருந்து ஆறு வாரம் ஆகும். மாத்திரை மட்டும் போதுமான்னா, 1999-ல வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுல 579 புள்ளைங்கள 14 மாசம் பாத்தாங்க. கவனக்குறைவு, துள்ளலுக்கு ஒழுங்கா கண்காணிச்சு குடுத்த மாத்திரை நல்லா வேலை செஞ்சுச்சு, கூடவே பயிற்சியும் குடுத்த புள்ளைங்களுக்கு கம்மி டோஸே போதுமா இருந்துச்சு. மூணு வருஷம் கழிச்சு பாக்கறப்ப அந்த வித்தியாசம் மங்கிப்போச்சு, அதனால மாசாமாசம் பாத்து சரிபண்ணிக்கிட்டே இருக்கற டாக்டர்தான் வேணும், ஒருக்கா எழுதி வாங்கி வருஷக்கணக்குல அதையே குடுக்கறது ஆகாது.

செலவு கஷ்டம்னா, பதினெட்டு வயசு வரைக்கும் அரசாங்கத்தோட மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துல இலவசமா பாப்பாங்க, ஸ்கூலுக்கு வர்ற மெடிக்கல் டீம்கிட்டயே கேட்டா சீட்டு எழுதி அனுப்புவாங்க. யார்கிட்டயாவது பேசணும்னா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம்.

மாத்திரை ஆரம்பிக்கறதா முடிவு பண்ணினீங்கன்னா, மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ்ங்கற, கட்டுப்பாடு எச்சா இருக்கற பட்டியல்ல வர்ற மருந்து, சீட்டு ரெண்டு காப்பி வேணும், ஒண்ண மெடிக்கல்காரங்க ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும்னு சட்டம், அதுக்குன்னு தனி லைசென்ஸ் இருக்கற கடைலதான் கெடைக்கும், காங்கயத்துல கெடைக்காம போகலாம், அதனால டாக்டர்கிட்டயே எந்த கடைல இருக்குதுன்னு கேட்டுட்டு வாங்க, தீர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே போயிருங்க. காலைல வயிறு நெறய சாப்பிட வெச்சுட்டு குடுங்க, மதியம் கொறயறத ராத்திரி சாப்பாட்டுல ஈடு கட்டுங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடை, உயரம், பிபி எழுதி வாங்கிக்கங்க. மொத ஒரு மாசம் ஒரு நோட்டுல எத்தன மணிக்கு குடுத்தீங்க, என்ன சாப்பிட்டான், எப்ப தூங்கினான், மிஸ் என்ன சொன்னாங்கன்னு தினம் ரெண்டு வரி எழுதி வைங்க, அடுத்த தடவ டாக்டர் டோஸ் பாக்கறப்ப அந்த நோட்ட அப்படியே அவங்க முன்னாடி வைங்க.